ரஜ்னீதாவின் டான்சிலுக்கு யார் கையெழுத்து?

நசியா, லம்பாசா, ஃபிஜி
3 மார்ச் 2001

அன்புள்ள மகன் பிஜேந்திராவுக்கு, அப்பா கன்னையா தன் கையாலேயே எழுதுவது. நானும் பேத்தி ரஜ்னீதாவும் நலம், அவள் தொண்டை நீங்கலாக. உன்னையும் மருமகள் ப்ரேமிலாவையும் சிட்னியில் முருகன் காப்பாற்றட்டும். உனக்குத் தமிழ் படிக்க வராது. அங்கே கோயிலில் யாராவது படித்துச் சொல்வார்கள். படிக்கிறவருக்கும் என் வணக்கம். எழுபத்திரண்டு வயதில் எழுதக் கற்று நான் எழுதும் முதல் கடிதம் இது. எழுத எழுத ஆனந்தமாக இருக்கிறது.

போன வருஷக் கலகத்துக்குப் பின் நீங்கள் விமானம் ஏறி, பரீட்சை முடியட்டும் என்று அவளை என்னிடம் விட்டுப் போனதிலிருந்து, மாதம் ஒரு தடவை அவள் தொண்டை வீங்குகிறது. கஞ்சிகூட இறங்குவதில்லை. டான்சிலை எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். நான் பேனாவைத் திறந்தேன். ஆஸ்பத்திரி கிளார்க் அப்பல்சாமி படிவத்தை இழுத்துக்கொண்டான். "பெரியவரே, பொண்ணுக்குப் பதினெட்டு ஆகலை. அப்பாவோ அம்மாவோதான் போடணும்." "நான் அந்த அப்பாவுக்கே அப்பாய்யா!" "அப்போ அவரைக் கூட்டிட்டு வாங்க, அவரோட டான்சிலுக்கு நீங்க போடலாம்." ஏழு வயசுல நீ மாமரத்திலிருந்து விழுந்து கை உடைஞ்சப்போ நான் கட்டைவிரலைத்தான் உருட்டினேன், உடனே கட்டுப் போட்டாங்க. கைநாட்டு செல்லுச்சு, எழுதக் கத்துக்கிட்டதும் செல்லாமப் போச்சு.

அப்புறம் நீ அனுப்பின ஃபேக்ஸை நீட்டினேன். "இது கையெழுத்தோட படம். அசல் வேணும், இல்லேன்னா அரசாங்கம் நியமிச்ச ஜே.பி. ஒருத்தர் சான்று போடணும்"னான். நம்ம ஜே.பி. கனடா போயிட்டார். அடுத்தவர் ஆக்லாந்து. மிச்சம் சவுசவு ஊர்ல நடராஜன் ஒருத்தர்தான். மலைப்பாதையில பஸ்ஸு, அவளுக்கு ரெண்டு தடவை வாந்தி, எனக்கு ஒரு தடவை. போனா, நடராஜன் வீட்டு வாசல்ல பெட்டியெல்லாம் கட்டி நிக்குது. "உங்க மகன் என் கண்ணெதிரே போட்டாத்தான் அண்ணே நான் சான்று போடலாம்"னார். "அவன் சிட்னியில இருக்கானே?" "நாளைக்கு நானும் சிட்னிதான்." "அப்போ அங்கேயே பாத்துப் போட்டுடுங்களேன்!" "அங்கே போனா நான் ஜே.பி. இல்லையே அண்ணே."

அதனால நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, அசலை உடனே தபால்ல அனுப்புங்க. அவளால எச்சில்கூட முழுங்க முடியலை.

உன் முதுகுவலி ஓடட்டும், ப்ரேமிலாவுக்கு அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கட்டும், வீட்டில் விளக்கு அணையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
கன்னையா
(செல்லாத கையெழுத்து)

பின்குறிப்பு: எதுவும் அனுப்ப வேண்டாம். இதை எழுதி முடிக்கப் பதினோரு நாள் ஆச்சு. நடுவுல வியாழக்கிழமை அவளுக்குப் பதினெட்டு முடிஞ்சுது. அது அப்பல்சாமிக்கும் தோணலை, எனக்கும் தோணலை. அவளே போட்டா, டான்சிலை எடுத்தாச்சு, ஐஸ்கிரீம் சாப்பிடுறா. போன இடத்துல டாக்டர் என் கண்ணைப் பார்த்து, புரை, எடுத்தாகணும்னார். எனக்காக வீட்டுப் பெரியவங்க யாராவது கையெழுத்துப் போடணுமாம். வீட்ல வேற யாரு, அவதான். பேனாவைக் கையில வச்சுக்கிட்டு, "நான் சிட்னிக்கு வரலைன்னு அப்பாவுக்கு எழுதுங்க தாத்தா, அப்பத்தான் போடுவேன்"கிறா.

ஆகவே எழுதுகிறேன்: அவள் வரவில்லை.

போட்டுட்டா.