உறவு முறை: தனிப்பட்ட விஷயம்

தென்காசிப் பக்கம் சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்கு ஆனி, ஆடி இரண்டு மாதமும் வீடு கிடையாது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று டிவியில் காட்டிய மறுநாளே சொந்தக்காரர்கள் பையோடு வந்து இறங்கிவிடுவார்கள். எங்கள் வீடு மேலகரத்தில், ரயில்வே ஸ்டேஷனுக்கும் அருவிக்கும் நடுவில். (இந்த இடத்தில் வீடு கட்டியதை என் அப்பா கடைசிவரை ஒரு வசதியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.)

கல்யாணமாகி வந்த முதல் சீசனிலேயே என் மனைவி கோமதிக்கு இது புரிந்துவிட்டது. அந்த வருஷம் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். எங்கள் அறையில் சென்னை அத்தையும் அவளுடைய மகள்களும். மாடி வராந்தாவில் ஒரு பக்கம் சாரல், ஒரு பக்கம் மதுரை சித்தப்பாவின் குறட்டை, நடுவில் நான். கோமதி அடுக்களையை விட்டு வெளியே வரவே இல்லை. பத்து நாளில் நாங்கள் இரண்டு பேரும் தனியாகப் பேசிக்கொண்டது ஒரே ஒரு தடவை, அதுவும் கேஸ் சிலிண்டர் மாற்றும்போது.

"ஒரே ஒரு நாள், யாருக்கும் காப்பி போடாம, கால நீட்டி சும்மா உக்காரணும்ங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு வெங்காயம்கூட அரியவில்லை.

நான் அப்போது தென்காசியில் ஒரு கோச்சிங் சென்டரில் அரசுத் தேர்வுகளுக்கு அரசியலமைப்பு நடத்திக்கொண்டிருந்தேன். அடிப்படை உரிமைகளை நடத்தி நடத்தி, அவை என் ஒருவனுக்காகவே எழுதப்பட்டவை என்று நம்பத் தொடங்கியிருந்த காலம். சிம் கார்டு வாங்கப் போனால் கைரேகை எதற்கு என்பேன். துணிக்கடையில் போன் நம்பர் கேட்டால் பத்து நிமிஷம் பேசுவேன். (பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னைப் பற்றிச் சொன்னது அவர்களுடைய பேச்சுரிமை.) செல்போனில் குடும்பப் படம் ஒன்றுகூட வைத்திருக்க மாட்டேன். கல்யாணத்தைப் பதிவு செய்துவிடலாம் என்று கோமதி மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். "நாம சேந்து வாழுதத கவர்மெண்டுக்கு எதுக்குச் சொல்லணும்?" என்று மூன்று தடவையும் அவளை அடக்கினேன்.

ஆனாலும் அவள் கேட்ட அந்த ஒரு நாளைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். வீ.கே.புதூர் என்கிற வீரகேரளம்புதூரில் இருக்கும் மாமனாருக்கு முட்டுவலி, பார்த்துவிட்டுச் சாயங்காலம் வருகிறோம் என்று அம்மாவிடம் சொன்னோம். வண்டியை அந்தத் திசையில் கொஞ்ச தூரம் ஓட்டி, தெரு கண்ணுக்கு மறைந்ததும் குற்றாலத்துக்குத் திருப்பினேன். கோமதி தன் போனை வேண்டுமென்றே பீரோவுக்குள் வைத்துவிட்டு வந்திருந்தாள். சொந்த வீட்டிலிருந்து பத்து நிமிஷ தூரத்தில் லாட்ஜில் ரூம் போட்ட முதல் ஜோடி அந்த ஊர் வரலாற்றிலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

லாட்ஜ் மேனேஜர் சாந்தமான மனிதர். "ரெண்டு பேரு ஆதாரும் குடுங்க சார்" என்றார்.

கோமதி பையைத் திறந்து ஆதாரை எடுத்தேவிட்டாள். அவர் எட்டிப் படித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன். "என்னுது ஒண்ணு போதும் அண்ணாச்சி. அவ விவரம் எதுக்கு?"

"சீசன் நேரம் சார். போலீஸ்ல தெனமும் வந்து நோட்டப் பாக்குதாங்க. மேடம் ஆதார்ல அப்பா பேருல்லா இருக்கு. கல்யாண சர்டிபிகேட் ஏதும் வச்சிருக்கீங்களா?"

இதற்காகத்தானே காத்திருந்தேன். கரும்பலகை ஒன்று மட்டும்தான் இல்லை. "அண்ணாச்சி, ரெண்டு பேரும் மேஜர். கல்யாணமே ஆகாதவங்களா இருந்தாலும் ரூம் குடுக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் கெடையாது!"

மேனேஜர் கோமதியின் கழுத்தைப் பார்த்தார். தாலி இருந்தது. "இதெல்லாம் இப்ப பேன்சி ஸ்டோர்லயே கெடைக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"நமக்குத்தான் கல்யாணம் ஆயிட்டுதேங்க. நீங்க யாருக்காக வாதாடுதீங்க?" என்று கோமதி என் காதில் கேட்டாள்.

பத்து நிமிஷத்தில் மேனேஜர் அசந்துபோய்ச் சாவியைக் கொடுத்தார். நோட்டில் மட்டும் எழுதச் சொன்னார். பெயர், ஊர், தொழில் எல்லாம் எழுதினேன். உடன் தங்குபவர் என்று ஒரு கட்டம். அதற்குப் பக்கத்தில் உறவு முறை என்று இன்னொரு கட்டம். யோசிக்கவே இல்லை. 'தனிப்பட்ட விஷயம்' என்று எழுதி அடிக்கோடும் இட்டேன். ஒரு சாம்ராஜ்யத்தையே எதிர்த்துவிட்ட திருப்தியோடு மாடி ஏறினேன்.

அறையில் ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கோமதி அதில் உட்கார்ந்து காலை நீட்டினாள். வெளியே மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே இரண்டு டீ சொல்லிவிட்டு வந்திருந்தேன். "நான் போடாத டீ" என்று சொல்லிச் சிரித்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்டதும் அவளே எழுந்து போய்த் திறந்தாள்.

டீ இல்லை. போலீஸ். ஒரு ஏட்டையாவும் ஒரு பெண் போலீசும் நின்றார்கள்.

"சார், நீங்களா!" என்றாள் அந்தப் பெண். என் பழைய மாணவி பேச்சியம்மாள். "உங்க க்ளாஸ்னாலதான் சார் எனக்கு வேலையே கெடைச்சுது." எனக்கு உயிர் வந்தது. அடுத்த நொடியே அவள் கோமதியைப் பார்த்தாள். முகம் மாறியது. "சார்... கல்யாணமே பண்ண மாட்டேன்னுல்லா க்ளாஸ்ல சொல்லுவீங்க?"

(சொன்னது உண்மைதான். அது பெண் கிடைக்காத காலத்தில் எடுத்த கொள்கை முடிவு.)

எங்களைக் கீழே கூட்டிப்போய் வரவேற்பு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஏட்டையா அந்தக் கட்டத்தை வாய்விட்டுப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"பேச்சியம்மா, அடிப்படை உரிமை, பிரிவு இருபத்தொண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சார், நீங்கதான நடத்துனீங்க. ஏட்டையா ஒங்க க்ளாஸுக்கு வரலியே" என்றாள் தாழ்ந்த குரலில். பிறகு கோமதியிடம் திரும்பினாள். "சார் ஒங்களுக்கு என்ன வேணும் மேடம்?"

கோமதி நிமிர்ந்தே பார்க்கவில்லை. "அதான் நோட்டுல எழுதியிருக்காங்கல்லா. அவங்கட்டயே கேளுங்க."

மடியில் பையை வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் இருந்தாள். ஈரத் துண்டோடு உள்ளே வந்த ஒவ்வொருவரும் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் மாடி ஏறினார்கள். யாருக்கும் தெரியக் கூடாது என்று நான் காப்பாற்றிய விவரம் இப்போது லாட்ஜ் முழுக்கத் தெரிந்திருந்தது, அதுவும் தப்பாக. அவளை மனைவி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை என்றுதான் அவள் நினைத்திருப்பாள். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. இப்போது பொண்டாட்டி என்று சொன்னாலும் ஏட்டையா நம்புவதாக இல்லை.

வேறு வழியில்லாமல் பேச்சியம்மாள் என் போனிலிருந்து அம்மாவை அழைத்தாள். "அம்மா, ஒங்க மகன் குத்தாலத்துல ஒரு லாட்ஜ்ல, ஒரு பொம்பளையோட இருக்காங்க."

"இருக்காது தாயி. அவன் பொண்டாட்டியோட வீ.கே.புதூருக்குல்லா போயிருக்கான்" என்றாள் அம்மா. பிறகு எந்த லாட்ஜ் என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அரை மணி நேரத்தில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து பதினான்கு சொந்தக்காரர்களும் இறங்கினார்கள். முன்னால் என் அம்மா, நெஞ்சோடு எங்கள் கல்யாண ஆல்பத்தை அணைத்துக்கொண்டு. என்னோடு இருக்கும் அந்தப் பெண்ணிடம், இவன் ஏற்கெனவே கல்யாணம் ஆனவன் என்று காட்டுவதற்காக எடுத்து வந்திருக்கிறாள்.

"எங்கலே அவ?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள் பெஞ்சைப் பார்த்து நின்றுவிட்டாள். "ஏட்டி கோமதி, நீயா?"

கோமதி அப்போதுதான் அழுதாள். அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்துவிட்டது. அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஏட்டையா ஆல்பத்தை முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். மேக்கப்பில் என் முகம் வேறு யாருடையதோ மாதிரி இருந்ததால் மாப்பிள்ளை யார் என்பதில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. சித்தப்பா சாட்சி சொல்லித் தீர்த்துவைத்தார். நோட்டை என் பக்கம் திருப்பினார்கள். நான் எழுதியதை அடித்துவிட்டு 'மனைவி' என்று எழுதினேன். கோமதி எழுந்து வந்து, எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்தாள்.

இதற்குள் சென்னை அத்தை என் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டிருந்தாள். "வாடகை குடுத்த ரூம் சும்மாதான கெடக்கு? குளிச்சிட்டுத் துணி மாத்த வசதியாப் போச்சு." பதினான்கு பேரும் மாடிப் படி ஏறினார்கள். நாங்கள் சொன்ன டீயைச் சித்தப்பா குடித்தார்.

அம்மா வீட்டுச் சாவியை என்னிடம் நீட்டினாள். "கொல்லக் கதவப் பூட்டுனனான்னு ஞாவகமே இல்லலே. ரெண்டு பேரும் போய்ப் பாருங்க. நாங்க அஞ்சருவிக்கும் போயிட்டு பொழுதடையத்தான் வருவோம்."

போய்ப் பார்த்தோம். கொல்லைக் கதவு தாழ் போட்டு, பூட்டும் போட்டு, அதற்கு முட்டாக ஒரு தண்ணீர்க் குடமும் வைத்திருந்தது.

வீட்டில் சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அப்படி ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதே கோமதிக்கு அன்றுதான் தெரியும். நான் காப்பி போட்டேன். சர்க்கரை கூடிப்போய்விட்டது. அவள் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, முழுவதும் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு வார்த்ததானங்க" என்றாள். அடுத்த வாரமே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனோம்.

ரூம் கேட்டு வருகிறவர்களிடம் கல்யாணச் சான்று கேட்க லாட்ஜுக்கு உரிமை இல்லை என்றுதான் இப்போதும் வகுப்பில் நடத்துகிறேன். அதில் மாற்றமில்லை. ஆனால் எந்தப் படிவம் வந்தாலும் உறவு முறைக் கட்டத்தைக் கோமதிதான் நிரப்புகிறாள். விசேஷ வீடுகளில் சித்தப்பா அவளை, "இவதான் எங்க வீட்டுத் தனிப்பட்ட விஷயம்" என்று அறிமுகப்படுத்துகிறார். எங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரைந்து, கோமதியின் தலைக்கு மேல் அதையே எழுதி வைத்துவிட்டாள். டீச்சர் எங்களை அழைத்து விசாரித்தார்.

போன சீசனில் வீடு மறுபடியும் நிரம்பிக் கிடந்தபோது, பத்து வருஷமாக மனதில் இருந்ததை அம்மாவிடம் கேட்டேன். "கொல்லக் கதவப் பூட்டுனது அன்னைக்கு ஒனக்கு நெசமாவே ஞாவகம் இல்லயாம்மா?"

அம்மா கோமதியைப் பார்த்தாள். கோமதி அடுப்பைப் பார்த்தாள்.

"அது தனிப்பட்ட விஷயம்லே" என்றாள் அம்மா.