தரையைத் தொடும் விரிப்பு

ஏழு மலைகளுக்கு நடுவே நிமிர்புரி என்றொரு நாடு. அங்கே ஒரு காலத்தில் மன்னரிலிருந்து மாடு மேய்ப்பவர் வரை எல்லோருக்கும் முதுகு வலித்தது. மன்னர் மனமிரங்கி, நாடு முழுக்க இலவச ஆபரேஷன் நடத்தி வைத்தார். முடிந்த மறுநாளே, ஆபரேஷன் ஆன முதுகு வலிக்காது என்று சட்டம் வந்தது.

அதன் பிறகும் சிலர் ஊன்றுகோலோடு நடமாடியதால் ஊன்றுகோலுக்குத் தடை விழுந்தது. மக்கள் குடை வாங்கி, அதை மடக்கி ஊன்றிக்கொண்டார்கள். அந்த வருடம் ஒரு தூறல்கூட இல்லை. குடை விற்பனை மட்டும் நான்கு மடங்கானது. நாடு செழிப்பதற்கு இதுவே சான்று என்று மந்திரி, அரசவையில் வாசித்தார். வலியில்லாதவர்களுக்கு இருக்கை எதற்கு என்று மண்டபங்களிலிருந்த பெஞ்சுகளையும் எடுத்துப் போனார்கள்.

முதல் ஆபரேஷன் கோமளவல்லிக்குத்தான் நடந்தது. தையல் பிரித்த மறுநாள் அவளை மேடையேற்றி, குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னார்கள். தொட்டாள். வலிக்கிறதா என்று மந்திரி கேட்டார்.

“எள்ளளவும் இல்லீங்க.”

கூட்டத்தில் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவன் அவள் கணவன் வேலப்பன். அந்தச் சத்தம் ஓய்வதற்குள் அவள் இடுப்பில் ஏதோ சுரீரென்று இழுத்தது. மூன்று வருடமாகியும் அது விடவில்லை. மலர்ந்து நின்ற அந்த முகத்திடம் என்னவென்று சொல்வது? அந்த ஒற்றை அறை வீட்டில் சமைக்கும்போது கரண்டி விழுந்தால், அவன் பார்க்காத நேரத்தில் காலாலேயே கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவாள். குனியாமல் தப்பிக்க அவளுக்குத் தெரிந்த வழி அதுதான்.

பிறகு வலது கால் மரத்துப்போக ஆரம்பித்தது. ஒருநாள் செருப்பு கழன்றது தெரியாமல் பாதித் தெரு நடந்துவிட்டாள். பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வைத்தியர் அவள் முதுகைத் தொடவே இல்லை. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, அவள் குணமாகிவிட்டதாகச் சொன்னார். என்ன நோயென்று கண்டு சொல்லக்கூடிய பெரிய வைத்தியர் கோட்டைக்குள் இருந்தார். அவரைப் பார்க்க வேண்டுமானால் மனு கொடுத்து, தெரு மக்கள் மண்டபத்தில் கூடி ஓட்டுப் போட வேண்டும். மனு கொடுத்தவருக்கு வலியில்லை என்று நினைப்பவர்கள் கை தூக்க வேண்டும். பாதிப் பேருக்கு மேல் தூக்கினால் மனு தள்ளுபடி. அவ்வளவுதான் முறை.

போன மாதம் எதிர்வீட்டுக் கொத்தனார் ஆராவமுது இப்படித்தான் மனுவோடு நின்றார். அதிகாரி தன்னையே பார்க்கிறாரே என்று கோமளவல்லியும் கை தூக்கினாள். அன்றிலிருந்து அவள் வாசல் பெருக்குவது விடிவதற்கு முன்புதான்.

இப்போது மனுவோடு நிற்பது அவள். நலத்துறை அதிகாரி ஆளவந்தார் தொண்டையைச் செருமினார்.

“மேன்மை தங்கிய மன்னரின் கருணையால் இந்தப் பெண்மணிக்கு வலி இல்லை என்று கருதுவோர் கரம் உயர்த்தலாம்.”

கைகள் எழுந்தன. பாதிக் கைகள் தோளுக்கு மேல் ஏற முடியாமல் நடுங்கின. அவையும் கணக்கில் சேர்ந்தன. ஆராவமுது இரண்டு கைகளாலும் குடையைப் பற்றியபடி நின்றார். அவர் கை தூக்கவில்லை. கோமளவல்லியால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

கை தூக்காத இன்னொருவன் வேலப்பன். அதிகாரி காரணம் கேட்டார்.

“மூணு வருஷமா கட்டிலுக்கடியில கிடக்கிற கரண்டியை நான்தான் எடுத்து வைக்கிறேங்க. இப்போ சீப்பு, ஊக்கு டப்பான்னு எல்லாம் கிடக்கு. அவளா சொல்லட்டும்னு இருந்தேன்.” அவளைப் பார்க்காமலேதான் சொன்னான்.

எத்தனை கரண்டி தள்ளினாலும் அடுப்பங்கரையில் கரண்டி குறையாததை அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் முந்தானையைப் பிசைந்தாள்.

“கரண்டியை நோயாகக் கருத சட்டத்தில் இடமில்லை. வலி இல்லை எனத் தீர்மானிக்கப்படுகிறது” என்ற அதிகாரி, அதை எழுதப் பேனாவை எடுத்தார். பேனா நழுவித் தரையில் விழுந்தது.

மண்டபமே அதைப் பார்த்தது. யாரும் குனியவில்லை. அதிகாரி சுவரிலிருந்த மன்னர் படத்தை நிமிர்ந்து பார்த்தார். கீழே அவருடைய கால் மட்டும் அசைந்து, பேனாவை மேசைக்கடியில் தள்ளியது. மேசையிலிருந்து தொங்கிய சிவப்பு விரிப்பின் ஓரம் விலகி மூடியது. உள்ளே பேனா எதன் மீதோ மோதும் ஓசை. பிறகு இன்னும் எதன் மீதோ.

அந்த ஓசை அவளுக்குப் பழக்கம். இரண்டடி நகர்ந்து, குடை முனையால் விரிப்பைத் தூக்கப் போனாள். தூக்கினால் ஊரே பார்க்கும். அவளுடைய மனுவுக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

அதிகாரியின் நெற்றி வியர்த்திருந்தது. அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

“வேண்டாம்மா.”

கட்டிலருகே நிற்கும்போது அவள் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். குடையைத் தாழ்த்திக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வேலப்பன் ஒரு கையை அவள் இடுப்பில் கொடுத்துத் தாங்கியே நடந்தான். எந்த இடத்தில் வலிக்கிறதென்று முதல் முறையாக அவனிடம் சொன்னாள். விரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் வந்ததை மட்டும் சொல்லவில்லை. எதிரே ஆராவமுது குடையை ஊன்றி மெதுவாக வந்துகொண்டிருந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் உடம்பில் அது ஒன்றுதான் வலியில்லாமல் குனிந்தது.

அடுத்த வாரமே புதிய ஆணை வந்தது. நாட்டின் கண்ணியம் கருதி, எல்லா மேசை விரிப்புகளும் இனி ஓரம் விலகாதபடி தரையில் புரள வேண்டும்.

முதல் விரிப்பைச் சிம்மாசனத்துக்குத் தைத்தார்கள்.