ஐஸ் மாமாவின் ஓக் மரம்

பிள்ளைகளே, குளச்சல் வெயிலையே ஏமாற்றப் பார்த்த ஒரே மனிதர் நம் பக்கத்து வீட்டு ஐஸ் மாமாதான். துறைமுகத்துக்கு ஐஸ் போடும் பிளான்டில் அவருக்கு வேலை.

அவர் மகள் ஜெனி அயர்லாந்தில் நர்ஸ். லீவுக்கு வந்தவள் ஒரு ஓக் கொட்டையைத் தொட்டியில் ஊன்றிவிட்டுப் போனாள். அது முழங்கால் உயரம் வளர்ந்தது. ஞாயிறுதோறும் வீடியோ காலில் அப்பாவை விசாரிக்கும் முன்பே மரத்தைத்தான் விசாரிப்பாள்.

ஒருமுறை இலையெல்லாம் கொட்டிவிட்டது. சொல்ல மாமாவுக்கு மனசு வரவில்லை. ஒரு கொய்யாக் கிளையை ஒடித்துவந்து போனுக்கு முன்னால் பிடித்தார்.

"அப்பா, ஓக்குல கொய்யாக்காய் தொங்குது."

மாமா கிளையைக் கீழே போட்டார். "பட்டுப்போச்சு மக்ளே."

"தண்ட லேசாக் கீறிப் பாருங்க. உள்ள பச்சை இருக்கா?"

"இருக்கு."

"அப்பம் ஒறங்குதுப்பா. இங்கெல்லாம் குளிருல ஒறங்கி எந்திச்சுதான் துளிர்க்கும்."

குளச்சலில் குளிருக்கு எங்கே போவது? மாமா சாக்கில் கொண்டுவந்தார். தினமும் காலையில் தொட்டியைச் சுற்றி ஐஸ். சாக்கில் மீன் வாடை. தெருப் பூனைகள் வட்டமாக உட்கார்ந்து தியானம் செய்தன.

எதிர்வீட்டு மேரி அக்கா கேட்டாள்: "அண்ணே, செடிக்குக் காய்ச்சலா?"

"இல்லட்டி, குளிர்காலம். மெல்லப் பேசு."

என் ஆட்டோவையும் விடவில்லை. "லே மக்கா, இங்க ஸ்டார்ட் பண்ணாத. தெரு முக்கு வரை தள்ளிட்டுப் போ."

"மரத்துக்குக் காது உண்டுமா மாமா?"

"ஒனக்கு உண்டுல்லா? சொன்னதக் கேளு."

ஐஸிலிருந்து வெள்ளைப் புகை எழும்பி, மொட்டைக் கிளைகளைத் தொட்டுக் கலையும். மாமா நாற்காலியில் அசையாமல் இருப்பார். "ஜெனிக்க ஜன்னலுக்கு வெளிய இப்பிடித்தான் இருக்கும்" என்பார். எனக்கும் ஒரு நிமிடம் குளிரும்.

போன மாதம் ஜெனியின் பிரசவத்துக்கு மாமா விமானம் ஏறினார். அதுவரை மரம் எழும்பவில்லை. சாக்கை என் கையில் தந்தார். "எந்திச்சா போட்டோ அனுப்பு. பட்டுப்போச்சுன்னா எங்கிட்டச் சொல்லாத."

நேற்று நீங்கள் பள்ளிக்கூடம் போனபிறகு ஐஸ் போடக் குனிந்தேன். கிளை நுனியில் சிவப்பாக ஒரு துளிர், பிறந்த பிள்ளையின் விரல்போல மடங்கி இருந்தது. போட்டோ அனுப்பினேன். தெருவில் யாரும் இல்லை. துளிர் இன்னும் முழுசாக விழிக்கவில்லை என்று தோன்றியது. ஆட்டோவை ஸ்டார்ட் செய்யாமல் முக்கு வரை தள்ளிக்கொண்டு போனேன்.