செவ்வாய்க்கிழமை ஆட்டமும் உன் முழங்காலும்

அன்புள்ள ரஸ்ஸல் அண்ணனுக்கு,

ஹைடி எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். கர்ட் சோளம் விதைக்கும் அவசரத்தில் டிராக்டரை விட்டு இறங்குவதில்லை என்பதால் அவருடைய சுகத்தை மட்டும் ஊகமாகச் சொல்கிறேன். உன் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. மாடிப்படி ஏறாதே. நாயை வேறு யாராவது வெளியே கூட்டிப் போகட்டும். அரிசோனா வெயில் எலும்புக்கு நல்லது என்கிறார்கள். இங்கே ஏப்ரல் பாதியாகியும் வேலியோரம் பனி கிடக்கிறது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பேஸ்பால் என்ற சொல் வந்த பிறகு போனில் நீ என்னைப் பேசவிட்டதாக நினைவில்லை. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

முதலில் விஷயம். உன் மருமகன் கோல்பிக்கு முதல் டிவிஷன் கல்லூரி அணியில் இடம் கிடைத்திருக்கிறது. எழுந்து நிற்காதே, முழங்கால். அந்த இடம் அவன் ஆட்டத்துக்காகக் கிடைக்கவில்லை. நான் செய்த ஒரு முட்டாள்தனத்தால் கிடைத்தது. அது அவனுக்குத் தெரியாது. மாதக் கடைசிக்குள் அவன் பதில் சொல்லியாக வேண்டும். அவனைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லி, போகாதே என்று நீதான் தடுக்க வேண்டும். தாய்மாமன் சொன்னால் கேட்பான். நான் சொன்னால் கேட்க மாட்டான் என்பதில்லை; எனக்கு அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் இல்லை. அவ்வளவுதான்.

இதெல்லாம் எங்கே தொடங்கியது என்று உனக்கே தெரியும். நீ முதல் டிவிஷனில் ஒரே ஒரு பருவம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். அதைப் பற்றி முப்பது வருடமாக எழுந்து நின்று பேசுகிறாய். வேறொருவனுக்குப் பதிலாக ஒரே ஒரு முறை ஓட விட்டார்கள், இரண்டாம் பேஸில் அவுட் ஆனாய், அந்த அவுட்டைப் பற்றி நம் வீட்டில் ஒவ்வொரு நன்றி நாளிலும் வான்கோழி ஆறும்வரை கேட்டிருக்கிறோம். கோல்பி எல்ம் ரிட்ஜ் கல்லூரியில் சேர்ந்த அன்றைக்கு நீ என்ன சொன்னாய்? "மூணாம் டிவிஷனா? அது சர்ச் பிக்னிக்மா. ஆட்டம் முடிஞ்சதும் அம்மாக்கள்லாம் சோறு போடுவாங்களே, அதானே?" ஆமாம், போடுகிறோம். இரண்டு அணிக்கும் போடுகிறோம். தோற்ற அணி முதலில் தட்டு எடுக்கும். உதவித்தொகை கிடையாது, விமானம் கிடையாது, மஞ்சள் ஸ்கூல் பஸ்ஸில் போய்வருகிறார்கள். அதனால் ஆட்டத்தின் தரமும் மஞ்சளாகத்தான் இருக்கும் என்பது உன் கட்சி. பந்து, மட்டை, தூரம் எல்லாம் ஒன்றுதானே, பிறகென்ன என்பது என் கட்சி. நடுவில் இரண்டாம் டிவிஷன் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நாம் இருவருமே பேசியதில்லை, பாவம்.

அப்புறம்தான் எல்ம் ரிட்ஜுக்கும் முதல் டிவிஷனில் ஆடும் பெரிய பல்கலைக்கழகத்துக்கும் அவர்கள் மைதானத்திலேயே ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டம் என்று முடிவாயிற்று. நீ உடனே கூப்பிட்டாய். "ஹைடி, நான் வரமுடியாது, காலு இந்த லட்சணத்துல கிடக்கு. நம்ம வீட்லயே கெமிஸ்ட்ரி படிச்சவ, உணர்ச்சிவசப்படாதவ நீ ஒருத்திதான். நேர்ல போய் அளந்து எழுது. எந்த டிவிஷன் எப்படின்னு இந்தத் தடவை தீர்த்துடலாம்." மறுநாளே பந்தின் வேகம் அளக்கும் அந்தத் துப்பாக்கி மாதிரிக் கருவி கூரியரில் வந்து இறங்கியது. கூடவே உன் உத்தரவுகள். அடிப்பவனுக்கு நேர் பின்னால் உட்காரு. அந்தக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொள், குளிரும். எழுதிக்கொண்டே இரு. யார் கேட்டாலும் யாருக்காக வந்திருக்கிறாய் என்று சொல்லாதே, பையனின் அம்மா என்று தெரிந்தால் அளவு கெட்டுவிடும். சோதனை என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும் என்று நீ சொன்னபோது, முதல்முறையாக உனக்கு விஞ்ஞானம் புரிந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். பள்ளிக்கூடத்தில் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

நம் ஊர்ப் பெற்றோர் நாலைந்து பேர்தான் வந்திருந்தார்கள். அவர்கள் வெயில் விழும் பக்கமாக, மூன்றாம் பேஸுக்கு அந்தப்புறம் கம்பளிக்குள் இருந்தார்கள். நான் தொப்பி, மப்ளர், கறுப்புக் கோட்டு சகிதம் தனியாகப் பின்னால் போய் உட்கார்ந்து, கருவியை எடுத்து மடியில் வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. பக்கத்து வரிசையில் ஒரு பெரிய மனிதர், டுவைட் என்று பெயர், அவர்களுக்குப் பந்து எறியும் பிட்சர்களில் பிரேடி என்ற பையனின் அப்பா, வேர்க்கடலை உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்கிருந்து வர்றீங்க மேடம்?"

"ரொம்பத் தூரம் இல்ல."

"யாருக்காக வந்திருக்கீங்கன்னு கேக்கலாமா?"

"அதச் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

அண்ணா, நான் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். தொழில்முறை கிளப்புகளுக்கு ஆள் தேடுபவர்கள் இப்படித்தான் கருவியோடு வந்து அதே இடத்தில் உட்கார்வார்கள், வாயைத் திறக்க மாட்டார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? வாயைத் திறக்காமல் இருப்பது என் சுபாவம் என்பது உனக்குத் தெரியும், டுவைட்டுக்குத் தெரியாது. ஐந்து நிமிடத்தில் சூடான சாக்லேட் வந்தது. பிறகு வெங்காயம் போட்ட சாசேஜ் வந்தது. "எங்க பிரேடி உண்மையில வெள்ளிக்கிழமை ஆளு மேடம்," என்று காதோரம் சொன்னார். "கோச்சுக்குத்தான் அது இன்னும் தெரியல." அதைக் கேட்டு அவருக்குப் பின்னாலிருந்த இன்னொரு அப்பா, "உன் புள்ள வெள்ளிக்கிழமை ஆளுன்னா என் புள்ள ஞாயித்துக்கிழமை பாதிரியாரு" என்றார். இருவரும் அதன்பின் ஒருவரோடொருவர் பேசவில்லை.

இந்தக் கிழமைக் கணக்குதான் உன் சோதனையை ஆரம்பத்திலேயே கொன்றுவிட்டது. வாரக் கடைசியில்தான் அவர்களுக்கு உண்மையான ஆட்டங்கள். நல்ல பிட்சர்களை வெள்ளி, சனி, ஞாயிறு என்று பூட்டி வைத்துவிடுகிறார்கள். செவ்வாய்க்கிழமைக்கு வருவது கை துருப்பிடித்துவிடக் கூடாதே என்று இறக்கிவிடும் மற்ற ஆட்கள். சரி, நாமாவது நல்லவனை இறக்கினோமா என்றால், நம் கோச்சும் சனிக்கிழமைக்காகத் தன் ஆட்களைப் பூட்டி வைத்திருந்தார். ஆக, முதல் டிவிஷனுக்கும் மூன்றாம் டிவிஷனுக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்க நான் லீவு போட்டுப் போய், முதல் டிவிஷனின் மிச்சத்தையும் மூன்றாம் டிவிஷனின் மிச்சத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடமாகப் பேசுகிறாயே, இதை ஏன் நீ சொல்லவில்லை?

இருந்தாலும் நேர்மையாக ஒன்று சொல்கிறேன். ஆட்டத்துக்கு முன் பயிற்சியைப் பார்த்தேன். நம் பையன்கள் பந்தைப் பிடித்தபின் எங்கே எறிவது என்று யோசிக்கிறார்கள். அவர்கள் யோசித்து முடித்துவிட்டுப் பிடிக்கிறார்கள். அந்தச் சின்ன இடைவெளியில்தான் உன் டிவிஷன்கள் எல்லாம் இருக்கின்றன. நம்மிடமும் அப்படிப்பட்டவர்கள் இரண்டு மூன்று பேர் உண்டு. அவர்களிடம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனும் அப்படித்தான். இந்த ஒரு பத்தியை வெட்டி வைத்துக்கொள், அடுத்த நன்றி நாளுக்கு உதவும்.

ஆட்டம் தொடங்கியது. முதல் சுற்று ஒழுங்காகப் போயிற்று. நம் கோல்பி அடிப்பவனுக்குப் பின்னாலிருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் இல்லையா, எனக்கு நேர் முன்னால் குந்தி உட்கார்ந்து, வழக்கம்போல அடிக்க வரும் ஒவ்வொருவனிடமும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அவர்களும் சட்டென்று திரும்பி என் பக்கம் பார்த்தார்கள். தொப்பி கோணலாக இருக்கிறதோ என்று சரிசெய்துகொண்டேன். இரண்டாம் சுற்றிலிருந்து ஒன்றுமே சரியாக இல்லை. அவர்களில் அடிக்க வந்தவன் எல்லாம் பந்தை அடுத்த மாவட்டத்துக்கு அனுப்புகிற மாதிரி வீசி, காற்றை அடித்துவிட்டுப் போனான்; எப்போதாவது மட்டையில் பட்டது மட்டும் உண்மையிலேயே அடுத்த மாவட்டத்துக்குப் போயிற்று. அவர்கள் பிட்சர்கள் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் என் கையிலிருந்த கருவியைப் பார்த்தார்கள், தோள் கழன்றுவிடும்போல எறிந்தார்கள். வேகம் ஏறிக்கொண்டே போனது, நான் எழுதிக்கொண்டே இருந்தேன். பந்து மட்டும் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. நாலு பந்து தப்பாகப் போட்டால் அடிக்க வந்தவன் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம் அல்லவா, நம் பையன்கள் நடந்தார்கள், நடந்தார்கள், ஊர்வலம் மாதிரி நடந்தார்கள். பிரேடி எறிந்த ஒரு பந்து எனக்கு முன்னாலிருந்த வலையில் வந்து முட்டியது. "பாத்தீங்களா மேடம், என்ன வேகம்," என்றார் டுவைட், தலையை வலையிலிருந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டு. அவர்கள் கோச் ரீமர் பெஞ்சிலிருந்து, "டேய், மெதுவாப் போடுங்கடா, பொண்ணு பாக்கவா வந்திருக்காங்க" என்று கத்தினார். ஒருத்தனும் கேட்கவில்லை. நாலு பிட்சர்களை மாற்றினார். புதிதாக வந்தவன் ஒவ்வொருவனும் முந்தினவனைவிட வேகமாகவும் மோசமாகவும் எறிந்தான். பதினொன்றுக்குப் பத்து என்று எல்ம் ரிட்ஜ் ஜெயித்தது. உருப்படியாக ஒரு அடி அடித்தோமா என்று கேட்காதே.

உன் மருமகன் அன்று பந்தை மட்டையால் தொடவே இல்லை. வந்த தடவையெல்லாம் நின்றான், பார்த்தான், நடந்தான். ஒரு பந்து அவன் கழுத்தெலும்பில் பட்டபோது நான் கருவியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். அப்புறம் ஆட்டம் முடியும்வரை அவனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு தாய் பிள்ளையைப் பார்ப்பதும், கிளப்புக்காரர்கள் ஆட்டக்காரனைப் பார்ப்பதும் தூரத்திலிருந்து ஒரே மாதிரி இருக்குமாம். கோச் ரீமர் என்னைப் பார்த்தார், நான் பார்த்த திசையைப் பார்த்தார், கோல்பியைப் பார்த்தார், தாடையைத் தடவினார். ஆட்டம் முடிந்து கோல்பி என்னைக் கடந்து போகும்போது தொப்பியைத் தொட்டு, "வந்ததுக்கு நன்றி மேடம்," என்று அந்நியன்போலச் சொல்லிவிட்டுப் போனான். நான் அங்கே போய் உட்கார்ந்தது அவனுக்கு அவமானமாகிவிட்டது என்று காரில் அழுகை வந்துவிட்டது எனக்கு. அழவில்லை.

மூன்று நாள் கழித்து நம் கோச்சிடம் முறைப்படி சொல்லியனுப்பியிருக்கிறார் ரீமர்: பையன் மாறி வர விரும்பினால் இடம் இருக்கிறது. யாரோ பெரிய கிளப் அவன்மேல் கண் வைத்திருக்கிறது என்ற நம்பிக்கையில் கொடுத்த இடம், அண்ணா. அந்தப் பெரிய கிளப் நான்தான். அங்கே போனால் ஒரே வாரத்தில் குட்டு வெளிப்பட்டு, மீதமிருக்கும் இரண்டு வருடமும் பெஞ்சில் உட்காருவான். அந்தத் திறமை நம் குடும்பத்தில் ஏற்கனவே ஒருவருக்கு இருக்கிறது, போதும். இங்கே ஒவ்வொரு ஆட்டமும் ஆடுகிறான். மஞ்சள் பஸ்ஸில் பாடுகிறான். தோற்றவன் முதலில் தட்டு எடுக்கிறான். ஆகவே தயவுசெய்து நீ அவனைக் கூப்பிட்டுச் சொல். உன் கருவியைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவைக்கிறேன். இனிமேல் எந்த மைதானத்திலும் அந்தக் கோட்டோடு உட்கார மாட்டேன்.

ஷெரி அண்ணிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் அன்பு. உன் முழங்கால் சீக்கிரம் மடங்கவும் நிமிரவும் வேண்டிக்கொள்கிறேன். நீயும் உன் வீட்டாரும் எல்லா நலமும் பெற்று, வாயை மட்டும் கொஞ்சம் அடக்கி, நீடு வாழ்க.

உன் அன்புத் தங்கை,
ஹைடி

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டேன், மறுபடி பிரித்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க வந்த கோல்பி உறைமேல் உன் பெயரைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டான். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஆப்பிள் பை முழுவதையும் தின்று முடித்துவிட்டுச் சொன்னான்: "நான்தாம்மா சொன்னேன். 'பின்னாடி கறுப்புக் கோட்டுல இருக்கறவங்க யாரு தெரியுமா, பெரிய கிளப்லேருந்து வந்திருக்காங்க'ன்னு, அடிக்க வந்த ஒவ்வொருத்தன்கிட்டயும். அவனுங்க போய் பிட்சர்கிட்டச் சொன்னானுங்க. மிச்சத்த அவனுங்களே பாத்துக்கிட்டாங்க." ரீமரிடமும் இதை முந்தின நாளே ஒப்புக்கொண்டுவிட்டானாம். அவர் தாடையைத் தடவிவிட்டு, "என் பிட்சர் நாலு பேரை ஒரே ஒரு பொய்யால கவுத்தவன் எனக்கு எதிரா ஆடக் கூடாது, வந்து சேரு" என்றாராம். இவனும் சரி என்று சொல்லிவிட்டான். இந்த யோசனையை உனக்கு யார் கொடுத்தது என்று கேட்டேன். "மாமாதான். 'உங்கம்மா யார் கேட்டாலும் வாயத் திறக்க மாட்டா, இந்த வேலைக்கு அவள விட்டா நாட்டுலயே ஆள் கிடையாது'ன்னு சொன்னாரு" என்றான். போன செவ்வாய்க்கிழமை நீ அவனுக்கு அனுப்பிய படத்தையும் காட்டினான். முதியோர் லீக் ஆட்டத்தில் இரண்டாம் பேஸில் சறுக்கி விழுந்திருக்கிறாய். ஆபரேஷன் ஆனதாகச் சொன்ன முழங்கால் அழகாக மடங்கியிருக்கிறது. அவுட் என்று நடுவரின் கை சொல்கிறது.

கருவியைத் திருப்பி அனுப்பவில்லை. கறுப்புக் கோட்டைச் சலவைக்குப் போட்டிருக்கிறேன். அடுத்த வசந்தத்தில் ரீமர் அவனைப் பெஞ்சில் உட்கார வைக்கும் முதல் ஆட்டத்தில், அதே இடத்தில் நான் இருப்பேன். யாருக்காக வந்தீர்கள் என்று கேட்டால், சொல்லக் கூடாதென்று சொல்லியிருக்கிறார்கள் என்பேன்.