என் தவளை முட்டை பேசிய நாள்

ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தங்களுக்குப் பாதிதான் புரிந்ததை அடுத்தவருக்கு முழுதாக விளக்கிவிடுவார்கள். எண்பதுகளின் கடைசியில், வேலூரில், எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

நரம்பு செல்லின் நுனியிலிருந்து ஒரு ரசாயனம் வெளியே வந்துதான் அடுத்த செல்லுக்குச் சேதி சொல்கிறது. எப்படி வெளியே வருகிறது? நுனியைப் பார்ப்பதே பெரும்பாடு. தவளையின் முட்டை செல்லோ கடுகளவு பெரியது. (கடுகைப் பெரியது என்கிற தொழில் எங்களுடையது.) மூளையிலிருந்து பிரித்த ஆர்.என்.ஏ.வை, அதாவது புரதங்களைச் செய்யச் சொல்லும் குறிப்பை, அதற்குள் ஊசியால் ஏற்றினால், முட்டையும் நரம்பைப் போலவே ரசாயனத்தை வெளியிடுமா? இதை நினைத்து நினைத்து எனக்குத் தூக்கமே வராது.

அப்பாவுக்கும் தூக்கம் வரவில்லை, என் கல்யாணத்தை நினைத்து. குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருந்தவர், ஆம்பூர் ஷூ கம்பெனி மாப்பிள்ளை ஒருவரின் ஜாதகத்தோடு ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். "நீ இன்னாதான் பண்றேன்னு பாத்துட்டு முடிவு பண்றேன்." எங்கள் வேலையைத் தொடரலாமா என்று முடிவு செய்ய பெங்களூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்ததும் அன்றைக்குத்தான்.

நரம்பு ரசாயனத்தின் கதையை அப்பாவுக்கு விளக்கிக்கொண்டே முட்டைக்குள் கண்ணாடி ஊசியைச் செருகினேன். செல்லின் மின்சார மாற்றம் ஸ்பீக்கரில் கரகரவென்று கேட்கும்.

"இப்ப முட்டை பேசும் பாருங்க" என்றேன். (வாய் சும்மா இருக்குமா?) பெருமையோடு நகர்ந்ததில் புடவைத் தலைப்பு மாட்டி எர்த் ஒயர் கழன்றதைக் கவனிக்கவில்லை.

ஸ்பீக்கர் ஒருமுறை செருமியது. "நெமிலி வட்டாரத்தில் இன்று மாலை இடியுடன் மழை பெய்யக்கூடும். விவசாயிகள் நெல்லைக் காயப்போட வேண்டாம்."

அப்பா முட்டையை உற்றுப் பார்த்தார். "இதுக்கு எப்டிம்மா தெரியும்?"

பேராசிரியர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எர்த்தை மாட்டும்மா. உன் ஒயர் ரேடியோவைப் பிடிக்குது."

மாட்டினேன். மழை நின்றது. முட்டை எப்போதோ செத்திருந்தது. நிலம் பிளந்தால் இறங்கிவிடத் தயாராக நின்றேன்.

அப்பா மட்டும் விடவில்லை. "சார், நரம்புக்குள்ள இருக்குற அந்த மருந்து எப்டி வெளிய வருது? கதவைத் தொறக்குறது யாரு?"

"அது எங்களுக்கே முழுசாத் தெரியலைங்க. உங்க பொண்ணு கண்டுபுடிக்கட்டும், விடுங்க."

வேலை தொடர்ந்தது. ஜாதகம் பையிலேயே ஊர் திரும்பியது.

அன்று மாலை நெமிலியில் மழை கொட்டியதுதான் வினை. மழை சொல்லும் முட்டையை மகள் கண்டுபிடித்ததாக அப்பா குடியாத்தம் முழுக்கச் சொல்லிவிட்டார். இன்றைக்கும் வானம் கறுத்தால் தம்பி போன் செய்கிறான்.

"அக்கா, முட்டை இன்னா சொல்லுது? மாடியில துணி காயுது, எடுத்துடவா?"