தூங்கினால் சாவி போய்விடும்

என் உருண்டை மாமாவுக்கு,

உங்கள் பெண்டாட்டி பணிவோடு எழுதிக்கொள்வது. கடிதம் என்றால் முதலில் நம் சௌக்கியத்தைச் சொல்லிவிட்டு, பிறகு அவர்கள் சௌக்கியத்தை விசாரிக்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். போய்ச் சேர்ந்தவர்களின் சௌக்கியத்தை விசாரிக்கிற விதம் ஆறாம் வகுப்பில் இருந்திருக்கும். நான்தான் அதற்குள் நின்றுவிட்டேனே. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் போன் என் உயிரை வாங்குகிறது.

நம் மகளுக்கு இந்த வாரம் பிரசவம். அவர்கள் இருக்கிற வெளிநாட்டிலிருந்து மாப்பிள்ளை எந்த நிமிஷமும் கூப்பிடலாம். அவர்கள் கூப்பிடுகிற ஆப்புக்கு இந்த ஊரில் அரசாங்கத் தடை, தடையைத் தாண்டவைக்கிற வீப்பியென் ஓடினால்தான் மணி அடிக்கும், அது ஓடுவதற்கு அடையாளம் போன் உச்சியில் சின்னச் சாவிப் படம், போன் தூங்கினால் சாவி போய்விடும் என்று பாடம் நடத்தியது நீங்கள். கடைசி நாலு மாதமும் நோயோடு நாற்காலியில் உட்கார்ந்து, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் அதைத் தட்டித் தட்டி எழுப்பினீர்கள். "நீ படு, தூங்கினா போயிடும், நான் பார்த்துக்கறேன்" என்பீர்கள். ஆஸ்பத்திரியில் போனை என் கையில் திணித்துக் கடைசியாகச் சொன்னதும் "இதைத் தூங்க விட்டுடாதே" என்பதுதான். மற்ற புருஷன்மார் பெண்டாட்டியைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லிவிட்டுப் போவார்கள்.

சரி, சொன்னபடி தூங்கவிடாமல் காத்துவருகிறேன். ஆனால் சலவைக்கூடத்தில் என் ரெண்டு கையும் ஈரம். விரிப்பை உதறி இஸ்திரி உருளையில் விடுகிற வேலை, நடுவில் கையைத் துடைக்க நேரமில்லை, ஈர விரலை இந்தப் போன் விரலாகவே மதிப்பதில்லை. அதனால் போனை அலமாரித் தட்டில் சாய்த்து வைத்து, போகும்போதும் வரும்போதும் குனிந்து மூக்கு நுனியால் தட்டி எழுப்பினேன். பக்கத்து உருளைக்காரி பார்த்துவிட்டாள். "என்னக்கா, போனுக்கு முத்தமா? இந்த வயசுல யாரு அந்தப் பக்கம்?" என்றாள். அன்றைக்கு மூக்கு எங்கே பட்டதோ, விசில் என்று நாம் பேர் வைத்த சூப்பர்வைசருக்குப் போன் போயிருக்கிறது. அவர் கூடத்தின் அந்தக் கோடியில் நின்று "யாரு? யாருங்க? பேசுங்க!" என்று கத்துகிறார், நான் இந்தக் கோடியில் மூச்சு வாங்க விரிப்பு உதறுகிறேன். "எவனோ மூச்சு மட்டும் விடறான்யா, மிரட்டறானா என்னன்னு தெரியலை" என்று அரண்டுபோய் வாசல் காவலரையே கூட்டிவந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை மாமா. அந்த ரெண்டு நிமிஷத்தில் மாப்பிள்ளை கூப்பிட்டிருந்தால்?

பயம் தாங்காமல் முந்தாநாள் போன் டாக்டரிடம் போனேன், அதுதான் முனைக்கடையில் போன் பழுது பார்ப்பவர். புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க போன் மகா சிக்கனம்மா. திரை அணைஞ்சதும் பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பின்னால ஓடறதையெல்லாம் நிறுத்திடுது. வீப்பியென்னுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துட்டேன், எப்பவும் இணைப்புல இருக்கட்டும்னும் போட்டுட்டேன். இனி போன் தூங்கும், சாவி தூங்காது" என்றார்.

"தூங்கறப்ப சாவி இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? பார்க்கணும்னா எழுப்பணும். எழுப்பினா வந்துடும். அப்ப போனது யாருக்குத் தெரியும்?"

அவர் போனை என்னிடம் நீட்டினார். "நீங்க எவ்வளவு நாளாம்மா தூங்கலை? போன் தூங்கட்டும், தொந்தரவு பண்ணாதீங்க" என்றார்.

ஆஸ்பத்திரி டாக்டரும் அச்சு அசலாக இதைத்தான் சொன்னார். "தூங்கட்டும், தொந்தரவு பண்ணாதீங்க." நானும் நல்ல பிள்ளையாக, செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு டாக்டர் பேச்சைக் கேட்டது போதும். இன்னமும் மூக்கால் தட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மற்றபடி எல்லாரும் உங்களைக் கேட்டதாக எழுத வேண்டும், யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். பனியில் அலையாதீர்கள் என்று எழுதி, அடித்துவிட்டேன். மகளுக்கும் வரப்போகும் குழந்தைக்கும் இருக்கிற இடத்திலிருந்தே ஆசி கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் காவல்காரி

பின்குறிப்பு: உறையில் போடப் போனபோது மணி அடித்தது. பெண் குழந்தை மாமா! மூக்கு உங்களுடையது, சின்ன உருண்டை. அழுது முடித்து போன் உச்சியைப் பார்த்தால் சாவி இல்லை. என் மூக்குதான் எப்போதோ பட்டு வீப்பியென்னை அணைத்திருக்கிறது. "சாவி இல்லாம எப்படிடீ வந்தது?" என்று மகளைக் கேட்டேன். "அந்தத் தடையைப் போன வருஷமே எடுத்தாச்சேம்மா! அப்பாகிட்ட அன்னைக்கே சொன்னேனே, சரி சரின்னாரே" என்கிறாள்.

தெரிந்தேதான் நாலு மாதம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்களா? தூங்கினால் போய்விடும் என்று நீங்கள் பயந்தது போனைப் பற்றியா மாமா?