கறுப்பு ஹெல்மெட்டுக்காரன்

“யாருடி அவன்?”

பக்கத்து சீட்டுக்காரி கேட்ட கேள்வியில், ஃபைலில் விழவேண்டிய ரப்பர் ஸ்டாம்ப் மேசைமேல் விழுந்தது.

“எவன்?”

“கறுப்பு ஹெல்மெட், பச்சை ஸ்போர்ட்ஸ் பைக். மருந்துக்கடை முக்குல உன்னை இறக்கிவிட்டுட்டுப் போனானே, அவன்!”

இறக்கிவிட்டது ஆணே இல்லை. அவளுடைய அம்மா. நாற்பத்தொன்பது வயது, பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. பொறுக்கிகள் ஓட்டுகிற வண்டி என்று பேர் கெட்டுப்போனது, வாங்க ஆளில்லை, பாதி விலைக்குத் தருகிறேன் என்று யாரோ சொல்ல, “பேரை வெச்சு நான் என்ன பண்ணப்போறேன், எனக்கு ஓடினா போதும்” என்று வாங்கிவிட்டாள். அந்தப் பார்சல்கள்தான் மகளைப் படிக்கவைத்தன. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்.

மிதித்து என்ன? வாகன இன்சூரன்ஸ் ஆபீசில் விபத்து கிளெய்ம்களைப் பார்க்கிற பிரிவில் வந்து உட்கார்ந்தாள். அங்கே அந்த மாடல் பைக்கின் ஃபைல் வந்தால் பிரிக்கும் முன்பே தீர்ப்பு ரெடி. செயின் அறுத்துட்டு ஓடியிருப்பான், பொண்ணு பின்னாடி போயிருப்பான். “இவனுங்களுக்கு ஹெல்மெட் எதுக்கு? உள்ளே உடையறதுக்கு என்ன இருக்கு?” என்ற ஜோக், ஆபீசையே சிரித்து உருளவைத்த ஜோக், அவள் அடித்ததுதான். மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வெள்ளிக்கிழமை அவளுடைய வேலையை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போடவேண்டியவரும் அவர்தான்.

‘எங்கம்மா’ என்று ஒரு வார்த்தை. அது வாயிலிருந்து வரவில்லை.

“அண்ணன்” என்றாள்.

“ஒரே பொண்ணுன்னு ஃபாரத்துல எழுதியிருக்கே?”

“பெரியப்பா பையன்.”

“பெரியப்பா பையன் வாசல்ல இறக்கிவிடமாட்டானா? முக்குல எதுக்கு இறக்கறான்? என்கிட்டயே கதை விடறியா?”

பதினொரு மணிக்கு அவளுக்கு ஒரு காதலன் இருந்தான். சாப்பாட்டு இடைவேளையில் அவன் ஏற்கெனவே கல்யாணமானவன். மூன்று மணிக்கு அவன்மேல் இரண்டு செயின் பறிப்பு வழக்குகள். மூன்றரைக்கு மேனேஜர் கூப்பிட்டார்.

“படிச்ச பொண்ணும்மா நீ. போயும் போயும் அந்த வண்டிக்காரனா?”

“ஐயோ சார், அது வெறும் பைக் டாக்சி!”

“தினமும் அதே வண்டியேவா வரும்?” என்று கதவருகிலிருந்து ஒரு குரல். பக்கத்து சீட்டுக்காரிக்கு அங்கே என்ன வேலை என்று தெரியவில்லை.

“அதான் சார் எனக்கும் புரியல. நான் கூப்பிடலைன்னாலும் வந்து நிக்கிறான். வேணாம்னா வண்டியைக் கூடவே உருட்டிட்டு வரான். பயந்துபோய் ஏறிடறேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. பெற்றவளைப் பொறுக்கியாக்கியாயிற்று.

“நம்பர் சொல்லு” என்று மேனேஜர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். “அவன் ஜாதகமே நம்ம கையிலதான் இருக்கு.”

வண்டியைப் பற்றிப் புளுகுவதற்கு உலகத்தில் வேறு இடமா இல்லை, இன்சூரன்ஸ் ஆபீஸ்தானா கிடைத்தது? கடைசி எண்ணை மட்டும் மாற்றிச் சொன்னாள். திரையில் ஒரு ரிட்டயர்டு நர்ஸின் ஸ்கூட்டர் வந்து நின்றது.

“போலி நம்பர் பிளேட்!” மேனேஜர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “வாட்ச்மேன்!”

ஏஜென்சி அனுப்பிய அந்த மனிதர் ஆறு மாதமாகக் கதவு திறந்துவிடுகிறார். இப்போதுதான் முதல்முறை மேனேஜர் அறைக்குள் வருகிறார்.

“நாளைக்குக் காலைல முக்குல நில்லு. அந்த வண்டி வந்தா சாவியைப் பிடுங்கு. ஆளை இழுத்துட்டு வா.”

அன்று மாலை வீட்டில் அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “நாளைலேருந்து நான் பஸ்லயே போறேன்.”

“ஏன் பாப்பா?”

“உன் வண்டிச் சத்தத்துல தலை வலிக்குது.”

“அப்ப மெதுவா ஓட்டறேன்.”

“வேணாம்னா விடேன்மா!”

மறுநாள் பஸ்ஸில் போனாள். தன் சீட்டில் நிம்மதியாக உட்கார்ந்து பையைத் திறந்தால் ஆபீஸ் அடையாள அட்டை இல்லை, வீட்டிலேயே விட்டுவந்திருக்கிறாள். கீழே தெருவில் பழகிய சத்தம். மாடி ஜன்னலுக்கு ஓடினாள். மருந்துக்கடை முக்கில் பச்சை வண்டி, குறுக்கே வாட்ச்மேன். ஹெல்மெட் கழன்றது. உள்ளேயிருந்து நரைத்த கொண்டை.

அவள் கழிவறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டாள். அங்கே நின்று, கட்டிய பொய்களை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிப்பார்த்தாள். இனி ஒன்றுகூட மிச்சமில்லை.

வெளியே வந்தபோது மேனேஜர் முன்னால் வாட்ச்மேன் தனியாகத் தலைகுனிந்து நின்றார்.

“யார்யா அவன்?”

“என் பையன் சார்.”

ஆபீஸே நாற்காலியை விட்டு எழுந்தது.

“நம்பர் பிளேட்?”

“பொண்ணு பதட்டத்துல தப்பாப் பாத்திருக்கும் சார். நாலு அறை விட்டு அனுப்பிட்டேன். இனிமே இந்தப் பக்கம் வரமாட்டான்.”

“அதானே பார்த்தேன். வளர்ப்பு அப்படி” என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

“புள்ளைய வளர்த்த லட்சணமாய்யா இது? நாளைலேருந்து உனக்கு இங்க வேலை இல்ல. ஏஜென்சிக்கு நான் பேசிக்கறேன்.” மேனேஜர் இவள் பக்கம் திரும்பி, குரலைக் குழைத்துக்கொண்டார். “பயப்படாதேம்மா. வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு? உன் ஆர்டர்ல இப்பவே கையெழுத்துப் போட்டுட்டேன்.”

இப்போதாவது சொல். அவள் வாயைத் திறந்தாள்.

“தேங்க்ஸ் சார்” என்றது வாய்.

சாயங்காலம் எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து, கீழே இறங்கினாள். வாட்ச்மேன் தண்ணீர் பாட்டிலையும் சீப்பையும் ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே... உங்க பையன்கிட்டயும் நிஜமாவே அதே வண்டி இருக்கா?”

அவர் பையை முடிந்துகொண்டே சொன்னார்:

“எனக்குக் கல்யாணமே ஆகலம்மா. நான் விஷயத்தைச் சொன்னதும், ‘என் பொண்ணு பொய் சொன்னான்னு ஆயிடக்கூடாது, என்னை உங்க பையன்னு சொல்லிடுங்கய்யா’ன்னு உங்க அம்மாதான் நடுரோட்டுல என்னைக் கும்பிட்டாங்க.”